தீவுகளை இணைக்கும் நெறி

1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செருமானியப் பேரரசரின் தம்பியாகிய ஹைன்ரிக் இளவரசர் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு விருந்தினராகச் சென்றார். அங்கே அவருக்குச் சிறந்த வரவேற்பு அளிக்கப்பட்டது. நாடு திரும்பும் வழியில், 'டாய்ச்லாந்து' என்னும் பெருங்கப்பலில் இருந்தபடியே, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டுக்கு நன்றிச் செய்தி ஒன்று அனுப்ப அவர் விரும்பினார். கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. கரையிலும் தந்தி நிலையம் இருந்தது. இரண்டுக்கும் இடையே இருந்தது எல்லார்க்கும் பொதுவான வெட்டவெளி. ஆயினும் கரை நிலையம் அச்செய்தியை ஏற்கவில்லை. ஏன்? கப்பலில் இருந்த கருவி ஸ்லாபி, ஆர்கோ என்னும் செருமானியர் இருவர் அமைத்த முறையைச் சேர்ந்தது. கரையில் இருந்த நிலையமோ மார்க்கோனிக் கம்பெனியின் முறையைச் சேர்ந்தது. வேற்றுமுறைக் கருவி பூட்டிய கப்பல்களோடு, ஆபத்துக் காலத்தில் அன்றி, செய்தி மாற்றிக்கொள்ளலாகாது என்பது அக்கம்பெனியின் கட்டளை.

வானத்தைப் பங்கிட இயலாது என்று நாம் எண்ணுகிறோம். அன்று வானமே பங்கிடப்பட்டது. பங்கிட்டது இயற்கையன்று, வாணிகம்.

நூறாண்டுக்கு மேற்பட்ட இச்சிறு நிகழ்ச்சியை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நம் காலத்தில் கணிப்பொறியின் துணையால் புதிய உலகங்கள் பல படைக்கப்பட்டுள்ளன. மெய்ந்நிகர் உலகங்கள் என்று அவற்றை அழைக்கிறோம். மாணவர்களுள் பலர் பள்ளி விட்டு வந்ததும் அவ்வுலகங்களுள் ஏதேனும் ஒன்றில் புகுந்து, உருவம் ஒன்றைப் பூண்டு, நண்பரோடு ஆடுகின்றனர், வீடு கட்டுகின்றனர், பொருள் வாங்குகின்றனர். ஆனால் ஓர் உலகில் ஈட்டிய பொருளை மற்றோர் உலகுக்குக் கொண்டுசெல்ல இயலுவதில்லை. ஓர் உலகில் பெற்ற நற்பெயர் மற்றோர் உலகில் செல்லுபடி ஆவதில்லை. ஒவ்வொன்றும் கடல் சூழ்ந்த தனித்தீவாக நிற்கிறது. இத்தீவுகளை இணைப்பது எப்படி? இணைத்தால் யாருக்கு நன்மை? இணைப்பினால் வரும் தீமையைத் தடுப்பது எப்படி? இவை இன்று அறிஞரும் அரசுகளும் ஆராயும் வினாக்கள். வரலாற்றை நோக்கினால் இவ்வினாக்கள் முற்றிலும் புதியன அல்ல என்பது விளங்கும்.

முதலில் தந்தியின் கதையைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தந்திக் கம்பிகளை அமைத்துக்கொண்டன. கருவிகள் வேறு, கட்டணம் வேறு, விதிகள் வேறு. ஆகவே ஒரு நாட்டின் எல்லை வரையில் மின்னலைப் போல் விரைந்து வந்த செய்தி, எல்லையில் நின்றுவிடும். அங்கே ஊழியர் ஒருவர் அதைத் தாளில் எழுதுவார். அத்தாளை அடுத்த நாட்டு ஊழியர் பெற்று, வேண்டுமானால் மொழிபெயர்த்து, தம் நாட்டுக் கருவியில் மீண்டும் அனுப்புவார். மின்சாரம் ஒரு நொடியில் கடந்த தொலைவை விட, இரு மேசைகளுக்கு இடையே இருந்த சில அடித் தொலைவைக் கடப்பதற்கே செய்திக்கு மிகுந்த நேரம் ஆயிற்று. நாடுகள் இருவராகவும் மூவராகவும் கூடிச் சிற்சில உடன்படிக்கைகள் செய்துகொண்டன. அவை பெருகப் பெருகக் குழப்பமும் பெருகிற்று. இறுதியில் 1865ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், பாரிஸ் நகரில் 20 நாடுகள் கூடிப் பொது உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. பன்னாட்டுத் தந்திச் சங்கம் பிறந்தது. அச்சங்கமே பின்னர் விரிந்து, இன்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்புச் சங்கமாக விளங்குகிறது.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. பாரிஸில் கூடியவர்கள் எவ்வகைக் கருவியைப் பயன்படுத்துவது என்பதோடு நின்றுவிடவில்லை. கட்டணத்தை எந்த நாணயத்தில் கணக்கிடுவது, அதை நாடுகள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது, செய்தியின் மறைவை எவ்வாறு காப்பது என்பனவற்றையும் பேசி முடிவு செய்தனர். கருவி, காசு, காவல் ஆகிய மூன்றும் ஒருங்கே தீர்க்கப்பட்டால் அன்றி இணைப்பு நிலைபெறாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இம்மூன்றையும் நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்; இனி வரும் கதை முழுவதிலும் இவையே மாறி மாறித் தோன்றும்.

மீண்டும் கம்பியில்லாத் தந்திக்கு வருவோம். மார்க்கோனிக் கம்பெனி தன் பக்கத்து நியாயத்தைக் கூறாமல் இல்லை. பெரும்பொருள் செலவிட்டுக் கடற்கரைதோறும் நிலையங்களைக் கட்டியவர்கள் தாங்கள்; உழைக்காத போட்டியாளர் அவற்றை எளிதில் பயன்படுத்திக்கொள்வது முறையா என்று அது கேட்டது. இவ்வாதத்தை முற்றிலும் புறக்கணிக்க இயலாது. ஆயினும் கடலில் செல்வோரின் உயிர் ஒரு கம்பெனியின் ஆதாயத்தைச் சார்ந்திருத்தல் ஆகாது என்னும் கருத்து வலுப்பெற்றது. 1903இல் பெர்லினில் ஒன்பது நாடுகள் கூடி ஆராய்ந்தன. அம்முறை பிரிட்டனும் இத்தாலியும் இசையவில்லை. 1906இல் மீண்டும் பெர்லினில் கூடிய மாநாட்டில், எந்த முறைக் கருவி உடையதாயினும் கப்பலும் கரை நிலையமும் செய்தி மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையே அவ்விதி 1912இல் லண்டன் மாநாட்டில் விரிவாக்கப்பட்டது.

அந்த 1912ஆம் ஆண்டிலேதான் 'டைட்டானிக்' கப்பல் மூழ்கிற்று. ஏறத்தாழ 1500 பேர் மாண்டனர். சில மைல் தொலைவில் 'கலிபோர்னியன்' என்னும் கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதிலும் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. அதுவும் மார்க்கோனி முறையைச் சேர்ந்ததே. ஆனால் அங்கிருந்த ஒரே தந்தி ஊழியர் நாள் முழுதும் உழைத்துவிட்டு உறங்கச் சென்றிருந்தார். அபயக் குரல் வெளியெங்கும் பரவியபோது அக்கப்பலில் கேட்பார் இல்லை. கருவிகள் ஒத்திருந்தன, கேட்கும் செவி இல்லை. இதன் பின்னரே, 1914இல் கடற்பயணப் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட உடன்படிக்கையில், பெரிய கப்பல்களில் இரவும் பகலும் இடைவிடாது ஒருவர் கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும் என்னும் விதி எழுதப்பட்டது. இணைப்பு வேறு, காவல் வேறு. முன்னது இருந்தால் பின்னது தானே வந்துவிடாது என்னும் பாடத்தை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

இனி மெய்ந்நிகர் உலகங்களின் வரலாற்றைப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர், பலர் ஒருங்கே புகுந்து உலவும் உலகம் ஒன்றைக் கணிப்பொறியில் அமைத்தார். ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர் அதை வளர்த்தார். அதில் படம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. 'நீ ஒரு குறுகிய சாலையில் நிற்கிறாய்' என்பது போன்ற சொற்களைப் படித்து, மனத்திலே காட்சியைக் கண்டு, விசைப்பலகையில் கட்டளை எழுதி ஆடுவர். அச்சிறிய விதையிலிருந்து பல உலகங்கள் முளைத்தன.

1986இல் அமெரிக்காவில் லூக்காஸ்பிலிம் நிறுவனம் 'ஹேபிடாட்' என்னும் உலகைச் சோதனையாகத் திறந்தது. சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி பார்மர் என்னும் இருவர் அதன் அமைப்பில் முதன்மையானோர். தொலைபேசிக் கம்பியின் வழியாக வீட்டுக் கணிப்பொறிகளை இணைத்து, படத்தோடு கூடிய உலகை அவர்கள் காட்டினர். அங்கே மனிதர்க்குப் பதிலாக நடமாடும் உருவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'அவதார்' என்பதாகும். நாம் அவதாரம் என்று வழங்கும் வடசொல்லே அது. விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கி வருதலைக் குறித்த சொல், மண்ணிலிருந்து கணிப்பொறிக்குள் இறங்குதலைக் குறிக்கலாயிற்று.

ஹேபிடாட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று பொருளியல் மாணவர்க்குப் பெரிதும் பயன்படும். அவ்வுலகில் பொருள்களை விற்கும் பொறிகள் இருந்தன. பொருள்களை விலைக்கு எடுத்துக்கொள்ளும் பொறிகளும் இருந்தன. ஓரிடத்தில் பொம்மை ஒன்றின் விலை 75 காசு. வேறோரிடத்தில் அப்பொம்மையை 100 காசுக்குப் பொறி எடுத்துக்கொண்டது. பளிங்கு உருண்டை ஒன்று ஓரிடத்தில் 18,000 காசு. மற்றோரிடத்தில் 30,000 காசு. அமைத்தவர்கள் செய்த சிறு பிழை இது. அதைக் கண்டுகொண்ட சிலர் இரவு முழுதும் இங்கே வாங்கி அங்கே விற்றனர். பொழுது விடிவதற்குள் அவ்வுலகில் புழங்கிய பணம் ஐந்து மடங்காகிவிட்டது. ஓர் உலகின் உள்ளேயே, இரண்டு பொறிகளின் விலை ஒவ்வாததால் விளைந்த விளைவு இது. ஆயிரம் உலகங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒவ்வொன்றின் நாணயமும் மற்றொன்றில் செல்லும் என்று அறிவித்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். மாற்று விகிதத்தை வகுப்பவர் யார்? பிழை நேர்ந்தால் இழப்பை ஏற்பவர் யார்? காசு என்னும் வினா இவ்வாறு முன் நிற்கிறது.

காவல் என்னும் வினா எழுந்தது 1993இல். 'லாம்டாமூ' என்பது எழுத்தால் மட்டுமே அமைந்த மற்றோர் உலகம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பாவல் கர்ட்டிஸ் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. அங்கே உறுப்பினர் ஒருவர் சிறு நிரல் ஒன்றை ஏவி, மற்றவர்களின் உருவங்கள் இழிவான செயல்களைச் செய்வது போலப் பலர் காண எழுத்தில் தோன்றச் செய்தார். 'எல்லாம் வெறும் எழுத்துத்தானே, அதனால் யாருக்கு என்ன தீங்கு?' என்று சிலர் கேட்டனர். ஆனால் அவ்வாறு இழிவுக்கு உள்ளானவர்கள் அடைந்த துயரம் மெய்யானது. அவர்கள் கண்ணில் வடிந்த நீரும் மெய்யானது. உறுப்பினர்கள் கூடி நெடுநேரம் வாதித்தனர். முடிவு ஏற்படாத நிலையில், ஆட்சி அதிகாரம் பெற்றிருந்த ஒருவர் குற்றவாளியை அவ்வுலகிலிருந்து நீக்கினார். ஒருவரின் மனப்போக்கில் நீதி நடத்தல் தகாது என்பதை உணர்ந்த கர்ட்டிஸ், பின்னர் உறுப்பினர்கள் மனுச் செய்யவும் வாக்களிக்கவும் ஒரு முறையை வகுத்தார். விளையாட்டாகத் தொடங்கிய உலகில் சட்டம் பிறந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நீக்கப்பட்டவர் சில நாளில் வேறு பெயரோடு அதே உலகுக்குத் திரும்பி வந்தார். ஒரே உலகிலேயே இப்படியென்றால், உலகங்கள் பல இணைந்த பின்னர் இதன் நிலை என்ன? ஓரிடத்தில் விலக்கப்பட்டவர் அடுத்த வாயிலில் நல்லவராக நுழையலாம். அதைத் தடுக்க எண்ணி, எல்லா உலகங்களும் தம்முள் பெயர்ப்பட்டியல்களைப் பரிமாறிக்கொண்டால், ஓரிடத்தில் தவறாகத் தண்டிக்கப்பட்ட நிரபராதிக்கு எங்குமே இடம் இல்லாமற் போகலாம். குற்றம் தப்பவும் கூடாது; நிரபராதி சிக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பது எளிதன்று.

கருவிகளை ஒன்றுபடுத்தும் முயற்சியும் அக்காலத்திலேயே தொடங்கிற்று. 1994இல் ஜெனீவா நகரில் வலைத்தொடர்பு பற்றிய முதல் மாநாடு நடந்தபோது, முப்பரிமாண உலகங்களை எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே வகையாகப் படித்துக்கொள்ளப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. மார்க் பெஸ்கி, டோனி பாரிசி முதலியோர் 'விஆர்எம்எல்' என்னும் மொழியை உருவாக்கினர். 1997இல் அது பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. எனினும் அது பெருவழக்குப் பெறவில்லை. அன்றைய கணிப்பொறிகளும் தொலைபேசி இணைப்புகளும் அதன் சுமையைத் தாங்க வல்லனவாக இல்லை. காலத்துக்கு முந்தி வந்த நல்ல கருத்தும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2003ஆம் ஆண்டில் லிண்டன் லேப் நிறுவனம் 'செகண்ட் லைப்' என்னும் உலகைத் திறந்தது. அங்கே வாழ்வோர் தாமே படைத்த ஆடைக்கும் மாளிகைக்கும் தாமே உரியவர் என்று அந்நிறுவனம் அவ்வாண்டே அறிவித்தது. ஆகவே பலர் அங்கே கடை வைத்தனர். உண்மையான ஊதியம் பெற்றனர். 2006 நவம்பரில் ஒரு கலவரம் மூண்டது. அவ்வுலகோடு வேறு நிரல்களும் உரையாட வேண்டும் என்னும் நோக்கத்தோடு சிலர் எழுதிவந்த திறந்த நிரலிலிருந்து, 'காப்பிபாட்' என்னும் கருவி தோன்றிற்று. பிறர் செய்த பொருளை விலை கொடாமலே அச்சாகப் படி எடுக்க அது உதவிற்று. உழைத்துச் செய்த ஆடையை ஒரு நொடியில் எவரும் படி எடுக்கலாம் என்றால் கடை எதற்கு? கடைக்காரர்கள் கதவை அடைத்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். பிறர் படைப்பை உரிமையின்றிப் படியெடுக்க அக்கருவியைப் பயன்படுத்துவோர் வெளியேற்றப்படுவர் என்று நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குதல் வேண்டும். மார்க்கோனியின் கதையில் கதவை மூடியவர் பெரிய கம்பெனியார். திறக்கக் கேட்டவர் பொதுமக்கள். இங்கேயோ கதவு திறந்தபோது அஞ்சியவர்கள் சிறு கைவினைஞர்கள். திறத்தல் எப்போதும் நன்று, மூடுதல் எப்போதும் தீது என்று ஒரு சூத்திரம் எழுதிவிட முடியாது. யாருக்காகத் திறக்கிறோம், யாரிடமிருந்து காக்கிறோம் என்பதே கேள்வி.

இக்கலவரத்துக்குப் பின்னரும் இணைப்பு முயற்சி நிற்கவில்லை. 2008 ஜூலையில் ஐபிஎம் நிறுவனமும் லிண்டன் லேபும் ஒரு சோதனையை அறிவித்தன. செகண்ட் லைப்பின் சோதனைப் பகுதியிலிருந்து, 'ஓபன்சிம்' என்னும் வேறொரு நிரலால் இயங்கிய உலகுக்குச் சில உருவங்கள் தாவிச் சென்றன. ஓர் உலகிலிருந்து மறு உலகுக்கு மனித உருவம் பெயர்ந்தது எனச் செய்தித்தாள்கள் வியந்தன. ஆனால் சென்றவர்கள் தம் உடைமைகளைக் கொண்டுசெல்லவில்லை. பொருளுக்கு உரிமை யாருடையது, புதிய உலகில் அதைக் காப்பவர் யார் என்னும் வினா தீராமையால், உடைமையை விட்டுவிட்டு உருவம் மட்டுமே பயணம் செய்தது. அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் பாலம் கட்ட இயலும் என்பதையும், பாலத்தின் மேல் சுமை ஏற்றுவதே கடினம் என்பதையும் அது ஒருங்கே காட்டிற்று.

2017ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று இன்னும் தெளிவானது. 'போர்ட்நைட்' என்னும் விளையாட்டு அவ்வாண்டில் பெரும்புகழ் பெற்றது. அதை ஆடுதற்குச் சோனியின் பொறியை வைத்திருப்போரும், மைக்ரோசாப்டின் பொறியை வைத்திருப்போரும் ஒரே களத்தில் சந்திக்க முடியாதபடி தடுக்கப்பட்டிருந்தனர். செப்டம்பரில் ஒருநாள், அமைப்பில் நேர்ந்த பிழையால், இரு பக்கத்தாரும் சில மணி நேரம் ஒரே களத்தில் ஆடினர். ஆட்டம் செவ்வனே நடந்தது. பிழை திருத்தப்பட்டதும் சுவர் மீண்டும் எழுந்தது. தடை பொறியில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்பதை அந்தச் சில மணி நேரம் உலகுக்கு உணர்த்திற்று. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், சோனியின் பொறியோடு இணைத்த கணக்கை நிண்டெண்டோவின் பொறியில் பயன்படுத்த முடியாது என்பதை ஆடுவோர் கண்டனர். தாம் விலை கொடுத்து வாங்கிய உடைகளும் அணிகலன்களும் ஒரு பக்கத்திலேயே சிறைப்பட்டதைக் கண்டு குமுறினர். 2018 செப்டம்பர் 26ஆம் நாள் சோனி அத்தடையை நீக்கிற்று. பொதுமக்களின் குரலுக்கு வலிமை உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆனால் அவ்விணைப்புக்கு ஈடாக, சில நிலைமைகளில், விளையாட்டை வெளியிடுவோரிடமிருந்து சோனி தனித்தொகை பெற்றது என்னும் செய்தி 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் ஆவணங்களால் வெளிப்பட்டது. மார்க்கோனிக் கம்பெனி கேட்ட அதே கேள்விதான் இது: நான் கட்டிய நிலையத்தைப் பிறர் பயன்படுத்தினால் எனக்கு என்ன ஈடு?

2021 அக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டது. 1992இல் நீல் ஸ்டீபன்சன் எழுதிய நாவலில் 'மெட்டாவெர்ஸ்' என்று பெயரிடப்பட்ட கற்பனை உலகை நினைவூட்டும் பெயர் அது. உலகமெங்கும் இதுவே பேச்சாயிற்று. 2022 ஜூனில் 'மெட்டாவெர்ஸ் தரங்கள் மன்றம்' என்னும் அமைப்புத் தொடங்கப்பட்டது. மெட்டா, மைக்ரோசாப்ட், எபிக் முதலிய நிறுவனங்களும், வலைத்தொடர்பின் தரங்களை வகுக்கும் சங்கமும் அதில் சேர்ந்தன. தொடக்கத்தில் வெளியான உறுப்பினர் பட்டியலில் ஆப்பிள், ரோப்ளாக்ஸ் ஆகிய பெருநிறுவனங்களின் பெயர்கள் காணப்படவில்லை. 1903இல் பெர்லினில் இசையாதிருந்த இரு நாடுகள் நம் நினைவுக்கு வருகின்றன.

கருவி என்னும் முதல் வினாவில் நல்ல முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது என்பதை மறுக்க முடியாது. முப்பரிமாணப் பொருள்களை எல்லாப் பொறிகளும் படிக்குமாறு எழுதும் 'ஜிஎல்டிஎப்' என்னும் வடிவம் 2022இல் பன்னாட்டுத் தரமாயிற்று. தலையில் அணியும் கருவிகள் எந்த நிறுவனத்தின் படைப்பாயினும் ஒரே வகையில் இயங்க உதவும் 'ஓபன்எக்ஸ்ஆர்' என்னும் தரம் 2019இல் வெளிவந்தது. இவற்றினும் கருத்தைக் கவர்வது ஜப்பானியர் 2018இல் உருவாக்கிய 'விஆர்எம்' என்னும் வடிவமாகும். மனித உருவத்தை ஓர் உலகிலிருந்து மற்றோர் உலகுக்குக் கொண்டுசெல்லப் பயன்படுவது அது. அதன் சிறப்பு யாதெனில், உருவத்தின் அளவும் நிறமும் எழுதப்பட்ட ஏட்டிலேயே படைத்தவரின் நிபந்தனைகளும் எழுதப்பட்டுள்ளன. இவ்வுருவத்தை யார் பூணலாம், வன்செயல் காட்சிகளில் இதைப் பயன்படுத்தலாமா, வாணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்பனவெல்லாம் உருவத்தோடு கூடவே பயணம் செய்கின்றன. 2006இல் கடையடைத்த கைவினைஞரின் குறைக்கு இஃது ஒரு பகுதி மறுமொழி எனலாம். பகுதி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதப்பட்ட நிபந்தனையைப் படிக்க முடியும். ஆனால் அதற்குக் கட்டுப்படுவது புகும் உலகின் நேர்மையைப் பொறுத்தது.

காவல் என்னும் வினாவோ நாளுக்கு நாள் கடினமாகிறது. 2022 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம், தன் உலகங்களில் ஓர் உருவம் மற்றோர் உருவத்தை ஏறத்தாழ நான்கடித் தொலைவுக்குள் நெருங்க முடியாதவாறு எல்லை ஒன்றை அமைத்தது. பிற உருவங்கள் தம்மை நெருங்கித் தொல்லை செய்ததாகப் பெண்கள் முறையிட்டதன் பின்னர் வந்த ஏற்பாடு அது. ஓர் உலகில் இத்தகைய வேலி இருந்து, அதோடு இணைந்த அடுத்த உலகில் இல்லையெனில், வாயிலைக் கடந்தவர் தம் காவலை இழந்து நிற்பார். சிறுவர் மட்டுமே உலவும் உலகுக்கும், வயது வந்தோர் உலவும் உலகுக்கும் இடையே பாலம் அமைந்தால் அங்கே யார் காவல் நிற்பது? ஒரு மணி நேரத்தில் ஒரு மாணவர் மூன்று உலகங்களைக் கடந்து செல்லலாம். மூன்றாவது உலகில் அவருக்குத் தீங்கு நேர்ந்தால், பொறுப்பு எதனுடையது? 'கலிபோர்னியன்' கப்பலில் உறங்கிய ஊழியரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேறோர் அபாயமும் உண்டு. 2020இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 511 பேரிடம் ஒரு சோதனை நடத்தினர். தலையணிக் கருவியை அணிந்தவர்கள் தலையையும் கையையும் அசைக்கும் முறையை ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம் பதிவு செய்தனர். அப்பதிவைக் கொண்டே, நூற்றுக்கு 95 விழுக்காடு பிழையின்றி, இவர் இன்னார் என்று கணிப்பொறி கூறிவிட்டது. பெயரை மாற்றலாம், முகமூடி அணியலாம், ஆனால் தலையைத் திருப்பும் வகை ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். உலகங்கள் இணையும்போது இந்தப் பதிவுகளும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லலாமா? செல்லுமாயின், அதற்கு நம்மிடம் இசைவு கேட்கப்படுமா? 1865இல் பாரிஸில் கூடியவர்கள் தந்தியின் மறைவைக் காக்க வேண்டும் என்று எழுதியது எத்துணை முன்னறிவு என்பது இப்போது விளங்குகிறது.

இணையாமல் விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். இணையாமையாலும் இழப்பு உண்டு. 2023 மார்ச்சில் 'ஆல்ட்ஸ்பேஸ்' என்னும் உலகம் மூடப்பட்டது. மக்கள் கூடிப் பேசிய மண்டபங்களும், நண்பர்கள் சந்தித்த முற்றங்களும் உலகமாக இருந்த நிலை நீங்கி ஒரே நாளில் மறைந்தன. ஊர் ஒன்று அழிந்தால் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு அடுத்த ஊருக்குச் செல்வர். தனித்தீவு மூழ்கினால் எதைத் தூக்கிக்கொண்டு எங்கே செல்வது? ஆண்டுக்கணக்கில் ஒருவர் செய்த படைப்பும், அவர் தேடிய நட்பும் ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் வரும் இலாப நட்டத்தைப் பொறுத்து நிற்பது நியாயமா? வெளியேறும் உரிமை இல்லாத இடத்தில் தங்கியிருத்தலும் முழு விருப்பத்தால் ஆகாது.

அரசுகள் இதில் தலையிடலாமா என்பதற்கு ஐரோப்பா ஒரு முன்மாதிரி காட்டியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டம் ஒன்று, மிகப்பெரிய செய்திப் பரிமாற்ற நிறுவனங்கள், சிறிய நிறுவனங்கள் கேட்டால் தம் சேவையோடு இணைய இடந்தர வேண்டும் என்று விதிக்கிறது. அவ்வாறு இணைக்கும்போது செய்தியின் மறைவைக் காக்கும் பாதுகாப்புக் குறையலாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. திறப்பையும் காவலையும் ஒரே விதியில் சேர்த்து எழுதியமை கவனிக்கத்தக்கது. இச்சட்டம் செய்திப் பரிமாற்றத்தைப் பற்றியதே. மெய்ந்நிகர் உலகங்களைப் பற்றியதன்று. ஆயினும் நாளை எழுதப்படும் விதிகளுக்கு இஃது ஒரு வரைவாக உதவக்கூடும்.

இவ்வரலாறு முழுவதையும் திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. கம்பியை நீட்டியவர் பொறியாளர். ஆனால் இரு கம்பிகளை முடிந்தவர் பொறியாளர் மட்டும் அல்லர். பாரிஸிலும் பெர்லினிலும் லண்டனிலும் மேசையைச் சுற்றி அமர்ந்து, நாள்தோறும் வாதிட்டு, விட்டுக்கொடுத்து, எழுதிக் கையொப்பமிட்டவர்களும் ஆவர். அவர்களுள் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. எனினும் நாம் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் தொலைபேசியில் பேசும் ஒவ்வொரு முறையும் அவர்களுடைய உழைப்பைப் பயன்படுத்துகிறோம்.

மெய்ந்நிகர் உலகங்களுக்கான மேசை இப்போதுதான் போடப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றிப் பெருநிறுவனங்கள் அமர்ந்துள்ளன. அரசுகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கின்றன. அவ்வுலகங்களில் மிகுதியான நேரத்தைக் கழிப்போர் இளைஞர்களும் மாணவர்களும்; அவர்கள் அமர்வதற்கான இடம் இன்னும் சரிவர அமையவில்லை. 1993இல் லாம்டாமூவின் உறுப்பினர்கள் வாக்குரிமை கேட்டுப் பெற்றதையும், 2018இல் ஆடுவோர் குரல் எழுப்பித் தடையை நீக்கியதையும் எண்ணும்போது, அந்த இடம் கேட்டால் கிடைக்கும் என்னும் நம்பிக்கை பிறக்கிறது. கேட்பதற்கு முன் வரலாற்றை அறிதல் வேண்டும். கருவி ஒத்ததா, காசு நேரியதா, காவல் உண்டா என்னும் மூன்று வினாக்களை எந்தப் புதிய உலகின் வாயிலிலும் நின்று கேட்கப் பழகுங்கள். விடை கிடைத்த பின் உள்ளே செல்லுங்கள்.